மனைத் தரகரின் பூர்வீகம்: ஒரு கள ஆய்வு

வண்டலூர் முதல் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும் காணப்படும் மனைத் தரகரின் ஊர், உறவு, தொழில் முன்வரலாறு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக்கூடம்: டீக்கடை பெஞ்சு.

முதல் சிக்கல், அவருடைய சொந்த ஊர் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஊரப்பாக்கத்தில் மனை காட்டும்போது "பொறந்து வளர்ந்ததே இங்கதான் சார்" என்கிறார். கூடுவாஞ்சேரிக்குப் போனால் அது அம்மா ஊர். மறைமலை நகர் மாமனார் ஊர். சிங்கப்பெருமாள்கோவிலைத் தாண்டினால் குலதெய்வம் அங்கே குடியேறிவிடுகிறது. விற்பனைக்கு வரும் நிலத்தின் பின்னாலேயே பூர்வீகமும் நடக்கிறது என்பது நம் கருதுகோள். தூரமும் அப்படித்தான்: கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்ததிலிருந்து எந்த மனையிலிருந்தும் அது பத்தே நிமிடம்.

தொழில் பின்னணிக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 9-ஆம் பிரிவில், பதிவு பெற்ற திட்டங்களில் தரகு பார்ப்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அதற்கு பான் அட்டை கேட்கிறார்கள், முகவரிச் சான்று கேட்கிறார்கள். "ஊர்ல யாருக்கு யார் பங்காளி?" என்று கேட்பதில்லை. சட்டம் இயற்றியவர்கள் யாரும் மனை வாங்கியதில்லை போலும்.

தரகராவதற்கு முன் இவர்கள் எல்.ஐ.சி. முகவராகவோ, சீட்டுப் பிடித்தவராகவோ இருந்திருப்பார்கள். ஓய்வுபெற்ற தலையாரி அபூர்வ வகை. சர்வே எண்ணைச் சொன்னால் போதும். உட்பிரிவையும், வரப்பு வெட்டிய தகராறில் யார் மண்டை உடைந்தது என்பதையும் சேர்த்தே சொல்வார்.

இங்கேதான் பூர்வீகம் உண்மையிலேயே வேலை செய்கிறது. வில்லங்கச் சான்று, பதிவான கிரயத்தையும் அடமானத்தையும் காட்டும். வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள் என்று காட்டாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமானவர்களை மட்டும் விலக்கியது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. ஆகவே கையெழுத்துப் போடாத அக்கா ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதே நில ஆராய்ச்சியின் தலையாய கேள்வி. பதிவு அலுவலகத்தில் இதற்கு விடை கிடையாது. தரகரிடம் உண்டு, அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவரே அவர்தான். "பெரியவங்க செய்யாறுல இருக்காங்க சார். தம்பியோட பேச்சுவார்த்தை இல்ல. சித்திரைத் திருவிழாவுக்கு வருவாங்க, பேசிக்கலாம்."

அக்கா வந்தார், தம் பக்கத்துக்கு ஒரு தரகரையும் அழைத்துக்கொண்டு. அதன் பிறகு நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு சதவீதத்தை இருவரும் பிரித்துக்கொள்வதா, ஆளுக்கு இரண்டா என்பதில் மூன்றாவது டீயும் ஆறிப்போனது.