எண்ணூறுக்கு வாய் முளைத்த கதை

கோயம்புத்தூர்க்காரன் வீட்டில் மோட்டார் நின்றுபோனால் உடனே ஆளைக் கூப்பிட மாட்டான். முதலில் தானே கழற்றிப் பார்ப்பான். திரும்ப மாட்டும்போது மிஞ்சுகிற நட்டுகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைத்த பிறகுதான் ஆளைக் கூப்பிடுவான். பம்ப்செட்டும் வெட் கிரைண்டரும் செய்து ஊருலகத்துக்கெல்லாம் அனுப்பிய ஊர் இது. தெருவுக்கு ஒரு லேத் ஓடும். இப்படிப்பட்ட ஊரில் நான் முப்பது வருடம் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஸ்பேனருக்கும் எனக்கும் இருந்த உறவு, அதை வாங்கிய பில்லை வவுச்சரில் ஒட்டியதோடு சரி. அந்தக் குறை உள்ளுக்குள் அரித்துக்கொண்டேதான் இருந்தது.

என் கார் 1998 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரை. அந்தக் குதிரைகளும் என்னைப் போலவே வயதானவை. போன மார்கழியில் சைலன்சர் ஓட்டையாகி, வண்டி இருமத் தொடங்கியது. பட்டறைக்கு விடலாம் என்று நான் சொன்னபோது தங்கை மகன் சிரித்தான். இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான்.

"ஏனுங்க மாமா, அதே சைலன்சரையா திரும்பப் போடப் போறீங்க? ஃப்ரீ ஃப்ளோ போட்ரலாமுங்க. நம்ம போர்ட்டிகோவுலயே மாட்டிக்கலாம். நாலு நட்டுதானுங்களே."

நான் தயங்கியதைப் பார்த்ததும் பிரம்மாஸ்திரத்தை எடுத்தான். இதே எண்ணூறு இன்ஜினை வைத்துத்தான் நம்ம ஊர் கரிவரதன் ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் கார் கட்டினார். அந்த ஃபார்முலா மாருதியை ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர். அவரும் நம்ம ஊர். இதற்கு மேல் மறுத்தால் ஊர்த் துரோகம். தவிர, வீட்டில் நான் வாயைத் திறந்தால் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். என் சார்பாக யாராவது கொஞ்சம் உரக்கப் பேசினால் நல்லது என்றும் பட்டது.

பெட்டி வந்தது. பளபளவென்று ஒரு எவர்சில்வர் உருளை. கல்யாணச் சீர்வரிசையில் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பத்து குதிரை கூடும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். 37 குதிரைக்குப் பத்து என்றால் கால் பங்குக்கு மேல். வட்டிக் கணக்குப் பார்த்த எனக்கே அது மீட்டர் வட்டியாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது என்று பையன் சொன்னான். அவன் அன்று சொன்னதில் அது ஒன்றுதான் சரி. முட்டுக்கொடுக்கச் செங்கல் ஆகாது, பொடிந்துவிடும். கொல்லையில் கிடந்த ஆட்டாங்கல்லை இரண்டு பேரும் உருட்டிவந்தோம். அது என் மாமியார் வீட்டுச் சீர். சம்சாரம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை அவள் கணக்கில் வைத்துக்கொள்வாள்.

நாலு நட்டில் இரண்டு லேசாகக் கழன்றன. மூன்றாவதுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, மறுபடி ஊற்றி, இட்லி ஆறிப்போகும் வரை காத்திருந்தோம், வந்தது. நான்காவது அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி நீளம் கூட்டி இரண்டு பேரும் தொங்கினோம். 'டக்' என்று ஒரு சத்தம்.

"கழன்டுருச்சுங்க மாமா!"

கழலவில்லை. போல்ட்டு முறிந்திருந்தது. மிச்சத்தை ஹேக்ஸா பிளேடால் அறுத்து முடிக்கப் பதினோரு மணி.

அடுத்தது, சைலன்சரைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டிருக்கும் ரப்பர் வளையங்கள். சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும் என்றான். ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. மற்றதெல்லாம் அதைப் பார்த்துத் தாங்களும் வந்துவிட்டன. பழைய சைலன்சர் நேராக என் நெஞ்சில் உட்கார்ந்து, வாய் வழியாக ஒரு சொம்புத் துருத்தண்ணீரை முகத்தில் கொட்டியது.

சைலன்சருக்குள் தண்ணீர் எப்படி என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. தூரமாக ஓட்டினால் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். என்னை மாதிரி உழவர் சந்தைக்கும் ரயிலடிக்கும் மட்டும் ஓட்டினால் உள்ளேயே தங்கி, இரும்பை உள்ளிருந்து தின்னும். தண்ணீரிலிருந்து மூலிகைப் பெட்ரோல் எடுக்கிறார்கள் என்று 1996-இல் நாடே வாய் பிளந்து நம்பியது. பெட்ரோலிலிருந்து தண்ணீர் வருவதை மட்டும் சீந்த ஆளில்லை.

கழற்றிய சைலன்சரை ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே அறை அறையாகத் தடுப்பு, துளையிட்ட குழாய்கள். இன்ஜின் சும்மா நிற்கும்போதே நொடிக்கு இருபது வெடி வெடிக்கிறது. அந்தச் சத்த அலைகள் இந்த அறைகளுக்குள் புகுந்து, சுவரில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு முட்டி, கல்யாண வீட்டுச் சம்பந்திகள் போல ஒன்றையொன்று அடக்கிவிடுகின்றன. அமெரிக்காவில் 1897-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். நம் மோட்டார் வாகன விதிகளிலும் இதன் பெயர் சைலன்சர்தான். புதுசில் அந்த அறைகள் ஒன்றும் இல்லை. துளையிட்ட ஒரே நேர்க்குழாய், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு. பையன் அதைக் குலுக்கிப் பார்த்ததில் பஞ்சு கொஞ்சம் என் சட்டைக்குள் விழுந்தது. அன்று முழுக்க எனக்கு அரிப்பு.

மாட்டும்போதுதான் தெரிந்தது, புதுக்குழாய் நாலு விரல் கூடுதல் நீளம் என்பது. பின் அச்சில் இடித்தது. கொஞ்சம் திருப்பினால் பம்பரில் இடித்தது. இரண்டிலும் இடிக்காத நிலையில் நம்பர் பிளேட்டைப் பார்த்து ஊதியது. கடைசியில் கட்டுக்கம்பி, ஒரு க்ளாம்ப், என் பழைய பெல்ட்டிலிருந்து வெட்டிய துண்டு ஆகியவற்றின் துணையோடு சாயங்காலம் நாலரைக்கு ஒருமாதிரி நின்றது.

சாவியைத் திருப்பினேன்.

ரேஸ் கார் சத்தத்தை எதிர்பார்த்துப் பையன் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றான். வந்தது வேறு. டுப் டுப் டுப் டுப். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாம் வீட்டு நாய் மதிலேறியது. குதிரை ஒன்றும் கூடின மாதிரி இல்லை. இருந்த 37-ம் சேர்ந்து கனைத்தன, அவ்வளவுதான்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெரியவருக்கு எண்பதுக்கு மேல். அன்னூர்ப் பக்கம் தோட்டத்தை விற்றுவிட்டு மகனோடு வந்து இருப்பவர். கைத்தடியோடு தெருவைக் கடந்து வந்தார். திட்டு வாங்கத் தயாராகி இன்ஜினை அணைக்கப் போனேன்.

"நிறுத்தாதீங்க தம்பி" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "நம்ம தோட்டத்து ஆயில் இன்ஜினுங்க. கரண்டு வர்றதுக்கு முந்தி இருந்தது. அச்சு அசலா அதே சத்தம்."

அதன்பின் தினம் காலை ஆறரைக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். நான் எங்கும் போகாவிட்டாலும் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். என் சொல்லை இவ்வளவு ஆசையாகக் கேட்க ஒரு ஆள் கிடைத்தது அதுதான் முதல் தடவை, பேசியது வண்டியாக இருந்தாலும்.

ஆறாம் நாள் ராத்திரி சம்சாரம் செல்போனைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, வண்டிய இப்படி மாத்துனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதமாமா. இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் உள்ள. 2019-ல சட்டத்தத் திருத்திப்போட்டாங்களாமா. சத்தத்துக்கும் புகைக்கும் தனியா, 10,000 வரைக்கும்."

நான் பேசாமல் இருந்தேன்.

"வண்டி என்ன விலைக்குப் போகும்?"

அதற்கும் பேசாமல் இருந்தேன்.

"ஆட்டாங்கல் இன்னும் போர்ட்டிகோவுலதான் கெடக்குதுங்க" என்றாள்.

மறுநாள் பக்கத்துப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பையன் வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, இறங்கி அண்ணாந்து பார்த்தான். கட்டுக்கம்பியைப் பார்த்தான். பெல்ட்டுத் துண்டைத் தொட்டுப் பார்த்தான். "இத யாருங்கண்ணா மாட்டுனது?" என்றான்.

"திருப்பூர்ல ஒருத்தர்" என்றேன். கோயம்புத்தூர் மானத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

சாதா சைலன்சரை இருபது நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தான். நட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த நாள் ஆறரைக்குப் பெரியவர் வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்னங்க தம்பி, இன்ஜின் எடுக்கலீங்களா?"

"ஓடுதுங்களே ஐயா."

பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். காதைச் சாய்த்து வைத்தும் பார்த்தார்.

"எங்கீங்க ஓடுது" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.