தலைக்கு மேல் ஒரு சிவப்புக் குமிழ்: அடுக்ககவாசிகளின் ஸ்பிரிங்க்ளர் மனப்பான்மை குறித்த ஓர் ஆய்வு

சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து உயரமான அடுக்குமாடிகளில், கூரையிலிருந்து நெல்லிக்காய் அளவுக்குத் தலையை நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்க்ளரைப் பற்றி வீட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே இவ்வாய்வின் பொருள். நினைப்பதே இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அதற்கு முனைவர் பட்டம் தரமாட்டார்கள். தரவுகளில் பெரும்பாலானவை கிரகப்பிரவேச வீடுகளில், பந்தியில் இடம் காலியாகும்வரை அண்ணாந்து பார்த்துத் திரட்டப்பட்டவை.

முதலில் வரலாறு. 1874இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் பியானோ ஆலை வைத்திருந்த ஹென்றி பார்மலி, ஆலையைத் தீயிலிருந்து காப்பாற்ற ஒரு தானியங்கித் தெளிப்பானை உருவாக்கினார். ஓரிரு குடும்பங்கள் வாழும் தனி வீடுகளுக்கென்று அந்நாட்டில் தனித் தரநிலை வந்ததோ 1975இல். பியானோவுக்குக் கிடைத்த பாதுகாப்பு பாட்டிக்குக் கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. கலிஃபோர்னியா 2011இலும் வேல்ஸ் 2016இலும் புதிய வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கின. வேறு பல அமெரிக்க மாநிலங்கள், கட்டாயமாக்கக் கூடாது என்றே சட்டம் போட்டன. ஆகவே, இந்தத் தயக்கம் தமிழர்க்கே உரிய தனிக்குணம் என்ற கருதுகோளை வருத்தத்துடன் கைவிடுகிறோம்.

கருவியின் வேலை எளிது. கண்ணாடிக் குமிழுக்குள் சிவப்புத் திரவம். சுற்றியுள்ள காற்று 68 டிகிரியை எட்டும்போது திரவம் விரிந்து குமிழ் உடைகிறது, தண்ணீர் பாய்கிறது. புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தத் தலைக்குச் சூடு பட்டதோ அந்தத் தலை மட்டுமே திறக்கும். சினிமாவில் ஒருவர் லைட்டரை உயர்த்திப் பிடித்ததும் கட்டடம் முழுக்க மழை கொட்டுகிறதே, அது இயக்குநரின் கைவண்ணம். இதையெல்லாம் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தீ வந்தா பாத்துக்கலாம் தம்பி. தண்ணி வந்தா என்ன பண்றது? போன வருஷந்தான் தேக்குல வார்ட்ரோப் அடிச்சேன்.”

ஸ்பிரிங்க்ளர் ஒருமுறையாவது கவனிக்கப்படும் நாள் கணபதி ஹோமத்தன்றுதான். ஐயர் செங்கல் அடுக்கி மணல் பரப்புவார். மேலே பார்த்த மைத்துனர் பதறுவார். குண்டம் நான்கடி தள்ளிப் போகும். இது அறிவியலுக்கு உகந்த செயலே. ஆனால் அதே சுறுசுறுப்பில், பக்கத்தில் இருக்கும் புகை உணரியின் முகத்தில் பாலித்தீன் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவார்கள். ஹோமம் முடிந்து, சாப்பாடு முடிந்து, தாம்பூலப் பை தீர்ந்து, குழந்தை பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் அந்தப் பை அங்கேயே இருக்கும்.

அடுத்து வருபவர் இன்டீரியர்காரர். அவர் கண்ணுக்கு ஸ்பிரிங்க்ளர் ஒரு பரு. கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்து மறைத்துவிடுவார். அறையில் பற்றிய தீ ஜிப்சம் பலகையைக் கடந்து மேலே போய் ஆஜரானால்தான் இனி குமிழுக்குச் சேதி தெரியும். ஃபால்ஸ் சீலிங்குக்கு வசதியில்லாத வீட்டில் பெயின்டர் அந்த வேலையைச் செய்துகொடுக்கிறார்: ரோலரை ஓட்டுகிற ஓட்டில் குமிழுக்கும் ஒரு கோட் வெள்ளை. வண்ணம் பட்ட தலையைச் சுரண்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும் என்பது விதி. “பளிச்னு இருக்கு” என்பது வீட்டம்மாவின் தீர்ப்பு. பிறந்தநாள் பலூன் கட்டவும் அது தோதாக இருப்பதாக இரண்டு வீடுகளில் பாராட்டினார்கள்.

இனி ஆய்வின் மையக் கருத்து. சென்னை வீட்டுக்காரர் நெருப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. மேல்வீட்டு பாத்ரூம் ஒழுகலைப் பார்த்திருக்கிறார். நெருப்பு செய்தித்தாளில் வருவது, ஓதம் தன் சுவரில் வருவது. பயமும் அந்த விகிதத்தில்தான் இருக்கும். திறந்த ஒரு தலையிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 70 லிட்டர், அதாவது ஐந்து குடம் தண்ணீர் கொட்டும் என்றால், அவர் அணையும் தீயைக் கணக்கிடுவதில்லை, ஊறும் மெத்தையைக் கணக்கிடுகிறார். தீயணைப்பு வண்டியின் குழாய் வந்தால் இதைவிடப் பல மடங்கு பாயும் என்று சொன்னால், “அது வரட்டும், அப்ப பேசிக்கலாம்” என்கிறார்.

இதற்கு ஒரே விதிவிலக்கு 2019 கோடை. ஏரிகள் வறண்டு, லாரிக்கு ஆளாளுக்குத் தவம் கிடந்த அந்த மாதங்களில், தீக்கென்று ஒதுக்கிய தொட்டி நிறையத் தண்ணீர் கிடப்பது எவ்வளவு பேர் கண்ணை உறுத்தியிருக்கும்! ஸ்பிரிங்க்ளர் மீது நகரத்துக்கு உண்மையான மரியாதை பிறந்த காலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நிறைவாக, ஓர் அசோசியேஷன் கூட்டத்தின் கள ஆய்வு. தீயணைப்பு பம்பைப் பழுது பார்ப்பது நான்காம் பொருள். “அடுத்த மீட்டிங்ல வெச்சுக்கலாம் சார்” என்று செக்ரட்டரி சொன்னார். ஆட்சேபமே இல்லை, அரை நிமிடத்தில் முடிந்தது. ஐந்தாம் பொருள், மூன்றாம் மாடி வீட்டின் ஒழுகலால் இரண்டாம் மாடி வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் விழுந்த கறை. ஆய்வாளர் கிளம்பும்போது இரவு பத்தரை. சத்தம் லிஃப்ட் வரை கேட்டது.