மதுரை வட்டாரக் குஞ்சுகளின் பால் பாகுபாடு: ஒரு முதனிலை ஆய்வு

குஞ்சு சேவலா, பெட்டையா என்ற வினாவை இலக்கணம் தீர்த்து வைக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் பறப்பனவற்றின் இளமைக்குப் 'பார்ப்பு', 'பிள்ளை' எனப் பெயர் தருகிறது. ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் தனித்தனியே அடுக்குகிறது. எந்தப் பார்ப்பு எந்தப் பக்கம் சேரும் என்பதை மட்டும் கோழி வளர்ப்போர் தலையில் கட்டிவிட்டது.

முருகனின் சேவற்கொடியைச் சான்றாகக் காட்டுவதும் தள்ளத்தக்கது. சூரபதுமன் பிளந்து மயிலும் சேவலும் ஆனபோது, இடையில் குஞ்சுப் பருவமே நேரவில்லை.

இனி, முட்டை வடிவக் கோட்பாடு. "கூரா இருந்தா சேவலு, உருண்டையா இருந்தா பெட்ட" என்பது அடைவைக்கும் உசிலம்பட்டி அப்பத்தாக்களின் துணிபு. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லாவும் இதையே சொல்கிறார். ரோமர் உசிலம்பட்டிக்கு வந்தாரா, அப்பத்தா ரோமுக்குப் போனாரா என்பது மூன்று கருத்தரங்குகளுக்குத் தாங்கும். மதுரையில் ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பதை அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டால் முனைவர் பட்டமே உறுதி. ஆனால் இவர்களுக்கு முந்தைய அரிஸ்டாட்டில், நீண்டு கூரான முட்டையில் பெட்டைதான் பிறக்கும் என்று தலைகீழாக எழுதியிருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் ஆல்பர்ட்டஸ் மேக்னஸ், அது ஏடெழுதியவன் பிழை என்று தீர்ப்பளித்தார். முட்டை கிடந்தபடி கிடக்க, பாடத்தை மட்டும் திருத்துவது நம் பதிப்பாசிரியர்களுக்கும் பழகிய கலைதான். உண்மையில் குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாய்க்கோழியின் குரோமோசோம். முட்டைக்கு வடிவம் தருவது கருமுட்டைக் குழாய். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

இறகு நோக்கல்: அதற்கென்றே இணைசேர்த்த இனங்களில் மட்டும் பலிக்கும்.

எச்சத்துவார நோக்கல் ஜப்பானியர் கொடை. மசூயி கியோஷியும் உடன் ஆய்ந்தவர்களும் 1920-களில் இதை வகுத்து, 1927-இல் ஒட்டாவா உலகக் கோழியின மாநாட்டில் அறிவித்தார்கள். ஒருநாள் குஞ்சைப் பிடித்து, எச்சத்தைப் பிதுக்கி நீக்கி, உள்ளே சிறு மேடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தேர்ந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் 800-க்கும் மேற்பட்ட குஞ்சுகளைப் பிரிப்பார்கள். ஆய்வேட்டைப் புரட்டும் புறத்தேர்வாளர் சிலரின் வேகத்துக்கு இது சற்றுக் குறைவே.

நிறமுறையில் மதுரையின் பங்களிப்பு தனித்தன்மை வாய்ந்தது. பழுப்பு முட்டையிடும் கலப்பினங்களில் பெட்டைக்குஞ்சு செம்பழுப்பாகவும் சேவல்குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் பொரியும் என்பது மேனாட்டார் கண்டது. முட்டைப் பண்ணைகளுக்குச் சேவல் வேண்டாம். பொரிப்பகங்கள் கழித்துவிடும் சேவல்குஞ்சுகளே பெரும்பாலும் சாயம் பூசப்பட்டு, திருவிழாக் கூட்டத்துக்கு விற்பனைக்கு வருகின்றன. எனவே, சித்திரைத் திருவிழாவில் ஒரு குஞ்சு ரோஸ், பச்சை, ஊதா ஆகிய நிறங்களில் தென்பட்டால், எச்சத்துவாரம் வரை போகாமலேயே அதைச் சேவல் எனக் கொள்ளலாம்.

இம்முடிவுக்கு மறுப்பும் உண்டு. "எல்லாமே பெட்டதான்க்கா, அஞ்சு மாசத்துல முட்ட போடும்" என்று விற்பவர்கள் ஒருமனதாகச் சொல்கிறார்கள். மாற்றுக்கருத்துக்கு இடமளிப்பது ஆய்வுநெறி என்பதால் அதுவும் இங்கே பதிவுசெய்யப்படுகிறது.