கோழிக்குக் கணக்கு எழுதாதீர்

நாட்டுக்கோழியை ஒழிப்பதில் பருந்துக்கும் கீரிக்கும் வெள்ளைக்கழிச்சலுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதலிடம் நாற்பது பக்க நோட்டுக்குத்தான். தோட்டம் துரவு வைத்திருப்பவர் ஒரு சாயங்காலம் பேனாவைத் திறந்து, பெட்டை ஒன்று வருஷத்துக்கு மூன்று தடவை அடைக்குப் படுக்கும், தடவைக்குப் பன்னிரண்டு குஞ்சு என்று எழுத ஆரம்பித்தால், அந்த வீட்டுக்குச் சனி பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பன்னிரண்டு 36. அதில் பாதி பெட்டை, 18. அவை மறுவருஷம் தலைக்கு 36 பொரித்தால் 648. அதில் பாதி 324. மூன்றாம் வருஷக் கடைசியில் 11,664 உருப்படி. பெருக்கலில் பிழை கிடையாது. பருந்துக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நோட்டில் கூமுட்டை இல்லை. மழையில் நனைந்து விறைத்த குஞ்சு இல்லை. அடுத்த தோட்டத்து வைக்கோற்போரில் போய் முட்டையிட்டுவிட்டு இங்கே வந்து கேறுகிற துரோகப் பெட்டையும் இல்லை. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வளர்ப்பில் பணம் போட்டவர்கள் மோசம்போனது ஊரறிந்தது. அந்தக் கணக்கும் தாளில் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் கேட்பாரற்று நின்ற பறவைகளுக்கு அரசாங்கம் தீனி போட வேண்டிவந்தது.

என் கட்சி இதுதான்: நாட்டுக்கோழி லாபம் தரும், கணக்கு எழுதாத வரைக்கும். சோம்பேறித்தனத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கோழியின் சாமர்த்தியமெல்லாம் விலையில்லாததைத் தின்று விலையுள்ளதாக ஆவதில் இருக்கிறது. களத்தில் சிந்திய கம்பு, முறத்திலிருந்து தெறித்த குருணை, எருக்குழியில் நெளியும் புழு, இவற்றையெல்லாம் எந்தக் கடையிலும் எடை போட்டுத் தருவதில்லை. பழைய பானை ஒன்றில் ஈரச் சாணமும் கிழிந்த சாக்கும் ஓலைத் துண்டும் திணித்து, பொழுது சாயும்போது வேலியோரம் செம்மண்ணில் கவிழ்த்து வைப்பார்கள். விடியற்காலம் தூக்கிப் பார்த்தால் சாக்கு முழுக்கக் கரையான் மொய்த்திருக்கும். உதறினால் போதும், குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு இரண்டே நிமிஷத்தில் மண்ணைத் துடைத்துவிடும். இந்தக் காலைப் பலகாரத்துக்கு நோட்டில் என்ன விலை எழுதுவது? எழுத முடியவில்லை என்றதும் நோட்டுக்காரர் கொட்டகை போடுகிறார், கம்பிவலை அடிக்கிறார், தீனி மூட்டை இறக்குகிறார். அங்கேதான் குடி மூழ்குகிறது. பிராய்லர் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ தீனியில் ஒரு கிலோ வளர்ந்து, நாற்பது நாளில் இரண்டு கிலோவாக நிற்கும். அதற்காகவே பொறுக்கியெடுத்த இனம் அது. நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ வருவதற்கு ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை மூட்டைத் தீனி போட்டு வளர்த்துவிட்டு, பல்லடத்து பிராய்லர் பண்ணையோடு மல்லுக்கு நிற்பது, மாட்டுவண்டியை ரயிலோடு பந்தயம் விட்டுவிட்டு மாட்டைத் திட்டுகிற கதை.

‘நாட்டுக்கோழிக் கறி பிராய்லரைப் போல இரண்டு மடங்கு விற்கிறதே, அப்புறம் எப்படி நஷ்டம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விலை இரண்டு மடங்கு, நாள் நாலு மடங்கு. மிச்சத்தை அவர்களே போட்டுப் பார்க்கட்டும். ‘ருசியும் சத்தும் இருக்கிறதே’ என்பார்கள் அடுத்து. ருசியை நான் மறுக்கவில்லை. ஓடி, பறந்து, சண்டை போட்டு, நாயிடம் தப்பித்து முறுக்கேறிய தொடை அது. கடையில் சும்மா உட்கார்ந்திருந்த தொடைக்கு அந்த மணம் எங்கிருந்து வரும்? ஆனால் சத்து என்று சொல்லிப் பழுப்பு முட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது கொஞ்சம் அதிகம். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. உள்ளே இருக்கும் சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் கரு அடர்ந்திருப்பது கொத்தித் தின்ற கீரையாலும் புல்லாலும். ஆக, ருசியும் நிறமும்கூட மேய்ச்சலில் வந்தவைதான். கம்பிவலைக்குள் அடைத்ததும் அவையும் போய்விடும். பிறகு எதை நம்பி அந்த இரண்டு மடங்கு விலை?

‘அப்படியானால் பாட்டி விடிந்தது முதல் கோழி பின்னாலேயே அலைகிறாளே, அதற்குக் கூலி?’ இதுதான் பலமான ஆட்சேபணை. அவள் உழைப்பு இலவசம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்திலேயே அதற்குக் கூலி இருந்தது, ரூபாயில் இல்லை. கோழியை வாரத்துக்கு விடுவார்கள்: பெட்டை ஒரு வீட்டுடையது, வளர்ப்பது இன்னொரு வீடு, குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. செத்தால் இருவருக்கும் நஷ்டம், பிழைத்தால் இருவருக்கும் குழம்பு. நோட்டு தேவைப்படவில்லை. எழுதியே தீர வேண்டியது ஒன்று உண்டென்றால், தடுப்பு மருந்துத் தேதி. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஓர் ஊசி. தவறவிட்டால் வெள்ளைக்கழிச்சல் வந்து கொடாப்பையே காலிசெய்துவிடும். கால்நடைத் துறை பிப்ரவரியில் முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. ஆனால் விடிவதற்குள், கொடாப்பைத் திறப்பதற்கு முன்பே பிடித்தாக வேண்டும். திறந்தபிறகு துரத்தினால் ஊசி யாருக்கு விழும் என்று சொல்ல முடியாது.

கடைசியில் அடுப்படிக்கு வந்தாலும் இதே வழக்குத்தான். கொதிக்கிற வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, காய்ந்த தென்னோலைத் தீயில் திருப்பித் திருப்பி வாட்டுவார்கள். பூமுடி பொசுங்கி, தோல் இறுகி, மினுமினுவென்று எண்ணெய் கசியும். பித்தப்பை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் ஐந்து மாத வளர்ப்பும் கசப்பு. இவ்வளவும் முடிந்து கையில் மிஞ்சுவது சுமாராக ஒரு கிலோ; வீட்டில் எட்டுப் பேர், மருமகன் வேறு வந்திருக்கிறார். தலைக்குக் கிராம் போட்டுப் பங்கிட்டால் அன்றைக்கே குடும்பம் இரண்டாகும். இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்ததுதான் குழம்பு. மிளகும் சின்ன வெங்காயமும் தேங்காயும் அரைத்து ஊற்றி, ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டால் எலும்பின் சாறெல்லாம் இறங்கி, துண்டு கிடைக்காதவனும் கோழி தின்றதாகவே கையை மோந்து பார்ப்பான். தொடை மருமகனுக்கு, கழுத்து சமைத்தவளுக்கு. ஈரல் ஒன்று, பேரப்பிள்ளைகள் மூன்று. அதற்குப் பாட்டி, ‘இந்தக் கோழிக்கு ஈரலே இல்லை சாமி’ என்று வாசலைப் பார்த்து அறிவித்துவிட்டு, உப்பு தடவி நெருப்பில் சுட்டதைக் கடைக்குட்டியின் வாயில் திணித்து, வாயைத் துடைத்தும் விடுவாள்.