கடல்கட்டி கம்பெனி

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தூத்துக்குடிக் கரைப் பக்கம் வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பின் வரவு செலவை எழுதி வைத்திருக்கிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவருக்கு. அந்த உத்தியோகத்துக்கு இங்கே கடல்கட்டி என்று பெயர். மந்திரத்தின் கெடு ஒரு பகல்தான். பொழுது சாய்ந்ததும் கட்டை அவரே அவிழ்த்துவிடுவார். ராத்திரியில் எவனாவது திருட்டுத்தனமாக இறங்கிச் சிப்பி அள்ளிவிட்டால்? பகலில் குளியாளுக்குப் பாதுகாப்பு, இரவில் ராஜாவின் சொத்துக்குப் பாதுகாப்பு. சுறா என்னவோ ஒன்றுதான்.

தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961இல் முடிந்தது. தோலாயிரம் என்கிற முத்துப்பாரில் இன்று ஏலம் விட எதுவும் இல்லை. கடல்கட்டி உத்தியோகமும் அத்தோடு ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது கரையேறி, கடைத்தெருவுக்கு வந்து, கண்ணாடி அலமாரிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் நீங்கள் தவணை போட்டு வாங்குகிற ஒவ்வொரு ஸ்மார்ட்போனோடும் ஒரு கடல்கட்டி கூடவே வருகிறார்.

போனை உயிர்ப்பித்ததும் முதலில் கண் விழிப்பது பூட்லோடர் என்கிற சின்ன நிரல். அடுத்து ஏற வேண்டிய ஆண்ட்ராய்டை அது வாசலில் நிறுத்தி, கம்பெனியின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் உள்ளே விடும்; இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும். கையெழுத்துப் போடும் சாவி கம்பெனியின் பெட்டகத்தில் இருக்கிறது. ரசீது யார் பேரில், மாதத் தவணை கட்டுவது யார் என்பதெல்லாம் பூட்லோடரின் கேள்வித்தாளில் கிடையாது. அதையும் தாண்டி உள்ளே ரூட் என்றொரு அதிகாரம் இருக்கிறது. வாங்கும்போதே போனில் ஒட்டிக்கொண்டு வருகிற சூதாட்ட விளம்பர ஆப்பை வேரோடு பிடுங்க வேண்டுமென்றால் அந்த அதிகாரம் வேண்டும். அதைக் கழித்துவிட்டுத்தான் போனை விற்கிறார்கள். விலையில் மட்டும் கழிவில்லை.

பூட்லோடரின் பூட்டைத் திறக்கச் சாவி கேட்டுப் பாருங்கள், உபசாரம் தெரியும். ஷாவ்மியிடம் கேட்டால் முதலில் அவர்களிடம் கணக்குத் தொடங்க வேண்டும், போனை அதோடு இணைக்க வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். பல மாடல்களுக்கு 168 மணி நேரம் கெடு வைத்தார்கள். சொந்தப் பொருளைத் திறக்க ஒரு வாரம். ஜாமீன்கூட அதற்குள் கிடைத்துவிடும். ஹுவாவே 2018இல் சாவி கொடுப்பதையே நிறுத்திவிட்டது. சாம்சங்கில் பழைய நாளிலிருந்தே ஒரு கைங்கரியம் உண்டு: பூட்டைத் திறந்து வேறு மென்பொருள் ஏற்றினால் சில்லுக்குள் ஒரு மின்இழை நிரந்தரமாக எரிந்துபோகும். பிறகு நீங்கள் மனம் திருந்திக் கம்பெனி ஆண்ட்ராய்டையே திரும்ப ஏற்றினாலும் அந்த இழை ஒட்டாது. பாதுகாப்புக் கோப்புறை வேலை செய்யாது, வாரன்டிக்குக் கையை விரித்துவிடுவார்கள். உடம்பில் சூடு வைத்து அனுப்புகிற பழைய தண்டனையை இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை. 2025இல் சாம்சங்கின் ஒன் யூஐ 8 மென்பொருள் வந்தபோது திறக்கிற அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். இனி சூடு வைக்கவும் அவசியமில்லை.

எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காக. நம்புகிறேன், நம்பித்தானே ஆக வேண்டும்! ஆனால் கடல்கட்டியின் கெடுவைக் கொஞ்சம் பாருங்கள். பல மலிவு விலை போன்களுக்கு இரண்டு, மூன்று வருஷம் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவார்கள். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படுகிற ஒவ்வொரு ஓட்டையும் அந்தப் போனில் ஓட்டையாகவே இருக்கும். சுறாவின் வாய்க் கட்டு அவிழ்ந்தாயிற்று. பூட்டு மட்டும் அவிழவில்லை. பாதுகாப்புக்குத்தான் பூட்டு என்றால், பாதுகாப்பு செத்த பிறகு பூட்டு எதைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது? அடுத்த போனின் விற்பனையை. வேறென்ன?

செல்போன் ரிப்பேர் கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும்.

"தம்பி, இந்த ஆப்பு ஏற மாட்டேங்கு. என்னன்னு பாரு."

"ஆண்ட்ராய்டு பழசு அண்ணாச்சி. புதுசு ஏத்தணும்."

"அப்ப ஏத்து."

"கம்பெனிக்காரன் அனுப்புனாத்தான் உண்டு. இந்த மாடலுக்கு நிறுத்திட்டான்."

"வேற எவனும் ஏத்த மாட்டானா?"

"ஏத்துவான். இவன் விட மாட்டான்."

போன் என்னவோ திடமாகத்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள் உப்புக் காற்றைத் தின்று, வள்ளத்தின் அடியில் உருண்டு, பேட்டரி ஒரு தடவை மாற்றி, இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைப் பையன் பவர் பட்டனையும் சத்தத்தைக் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கிறான். கறுப்புத் திரையில் பொடி எழுத்துகள். கடைசி வரியில், பூட்டியிருக்கிறது என்று ஒரு சொல். பையன் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனைத் துடைத்து நீட்டுகிறான். கடலுக்குப் போகிறவருக்கு இது விளையாட்டுச் சாமான் இல்லை. அலை உயரமும் காற்றின் வேகமும் மீன் இருக்கும் இடமும் சொல்கிற செயலியை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்கென்றே செய்து கொடுத்திருக்கிறது. வங்கி ஆப் அதில்தான், வாட்ஸ்அப் அதில்தான். பழசாகிப்போன ஆண்ட்ராய்டை இவை ஒவ்வொன்றாகக் கைகழுவும்.

இதே பழைய மாடல்களில் பலவற்றுக்கு, கம்பெனி மறந்த பிறகும், லீனேஜ் ஓஎஸ் போன்ற குழுக்களின் தன்னார்வலர்கள் புது ஆண்ட்ராய்டைச் செய்து சும்மா கொடுக்கிறார்கள். கஸ்டம் ரோம் என்பது அதுதான். இருபதில் ஒரு பங்குகூடக் கேட்காத கடல்கட்டிகள். அவர்கள் செய்கிற மந்திரமும் முழு மந்திரமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்: சில்லுக்கும் மோடத்துக்கும் உரிய மூடிய நிரல்களைத் தயாரித்தவர் திருத்தாவிட்டால் அந்த ஓட்டை இவர்களாலும் அடைபடாது. ஆனாலும் வாய் முழுக்கத் திறந்த சுறாவுக்கு முக்கால் வாய் கட்டிய சுறா தேவலை.

பூட்டு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருடியவன் வேறு மென்பொருள் ஏற்றி விற்றுவிடக் கூடாது, கண்ட ஆப்புக்கும் ரூட் கொடுத்து ஏமாறக் கூடாது, எல்லாம் சரி. திறக்கும்போதே உள்ளே இருக்கிற தகவல் முழுவதையும் அழித்துவிடும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பூட்டு இருக்கட்டும் ஐயா, சாவியை வாங்கினவன் கையில் கொடு என்பதுதான் வழக்கு.

வெள்ளைக்காரன் ஆட்சியில் முத்துப்பார்கள் சர்க்காரின் ஏகபோகம். குளியாள் மூச்சைப் பிடித்து இறங்கி அள்ளி வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, அது அன்றே ஏலத்துக்குப் போகும். ஒன்று குளியாளுக்கு. பட்டப்பகல் கொள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்றாவது குவியல் குளியாளின் சொந்தம். கரையிலேயே கூறு போட்டு விற்கலாம், வீட்டில் உடைத்துப் பார்க்கலாம், கொழுந்தியாளுக்குக் கொடுக்கலாம். சிப்பியைத் திறந்ததால் வாரன்டி போயிற்று என்று எந்தக் கலெக்டரும் சொன்னதில்லை. 'இந்தச் சிப்பியைத் திறக்க 168 மணி நேரம் ஆகும்' என்று எந்த வெள்ளைக்காரனுக்கும் தோன்றவில்லை. ஏகாதிபத்தியத்துக்கும் ஒரு கற்பனை வறட்சி இருந்திருக்கிறது.

இத்தனைக்கும் பூட்டிவைக்கிற சரக்கு இவர்கள் வீட்டுச் சரக்கா? ஆண்ட்ராய்டின் அடியில் கிடப்பது லினக்ஸ் கருநிரல். ஊர் கூடி எழுதி, யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று உரிமம் போட்டுக் கொடுத்தது. அதை எடுத்து, மேலே தன் சின்னத்தை ஒட்டி, பூட்டுப் போட்டு விற்கிறார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! இலவச மென்பொருளுக்கே குத்தகைச் சண்டை நடந்த கூத்தையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 2014 டிசம்பரில் சயனோஜென் என்கிற ஆண்ட்ராய்டு வகை மென்பொருளோடு ஒன்பிளஸ் போன் இந்தியாவுக்கு வந்தது. அந்த மென்பொருளை இங்கே விற்கும் ஏகபோகம் எனக்குத்தான் என்று மைக்ரோமேக்ஸ் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. 2016 கடைசியில் சயனோஜென் கம்பெனி அந்த மென்பொருள் கடையையே கட்டிவிட்டது. கைவிடப்பட்ட அந்த நிரலைத் தூக்கி நிறுத்தியவர்கள்தான் இன்றைய லீனேஜ்காரர்கள். குத்தகைக்காரர்கள் போய்விட்டார்கள், கூலி வாங்காதவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

போன் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் சொல்லுவார். கிடைக்கும். செட்டிங்ஸைத் திறந்தால் விளம்பரம், பூட்டிய திரைமேல் விளம்பரம் என்று மீதி விலையை வருஷக்கணக்கில் வசூலிக்கும்போது முன்விலை குறையத்தான் செய்யும். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலைக் கவிழ்க்க வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு சும்மாவே ஏற்றியது, போதாதற்குக் குடையும் கொடுத்தது. துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்தாயிற்று. அந்தக் குடைக்கு மட்டும் இன்னும் ஆள் கூட்டம் குறையவில்லை.

அப்புறம் வங்கி ஆப். உங்கள் போன் கூகுள் சான்று பெற்ற அமைப்பில் ஓடுகிறதா என்று அது உள்ளே விசாரிக்கும். பல வருஷமாகத் திருத்தமே காணாத, சல்லடையாகிப்போன கம்பெனி ஆண்ட்ராய்டு 'நல்ல பிள்ளை' என்று உள்ளே போய்விடும். போன மாதத் திருத்தம்வரை ஏற்றிய லீனேஜ் போன், அடையாளம் தெரியாத ஆள் என்று வாசலில் நிற்கும். ஓட்டை எத்தனை என்பது பெரும்பாலும் விசாரணையில் வராது. யார் வீட்டு ஓட்டை என்பதுதான் வரும். பணப் பரிமாற்றமே போனுக்குள் போய்விட்ட நாட்டில், மீன் ஏலத்துக்கு யூபிஐ கேட்கிற ஊரில், இதைவிடப் பெரிய பூட்டு வேண்டியதில்லை.

சர்க்காராவது கேட்கும் என்று பார்த்தால், சர்க்காருக்கும் ஒரு சாவி வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் 28ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை ஓர் ஆணை போட்டது. விற்கிற எல்லாப் போனிலும் சர்க்காரின் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே ஏற்ற வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது, 90 நாள் கெடு. ஊர் கொதித்ததும், வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்றார் அமைச்சர். காகிதத்தில் முடக்கக் கூடாது, மைக்கில் நீக்கலாம். டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயத்தை வாபஸ் வாங்கினார்கள். இதற்கும் சொன்ன காரணம் அதேதான்: உங்கள் பாதுகாப்பு. அந்தச் சொல்லை இந்த ஊரில் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துக் கலெக்டர் ஆபீஸுக்கு நடந்துபோனவர்கள்மேல் போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளுமாகச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். 23ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். அமைதி காக்க. செத்தவன் வீட்டுக்குச் சேதி சொல்லவும் எல்லார் கையிலும் போன் இருந்தது. எரிந்துகொண்டிருந்த திரையில் ஒன்றும் ஓடவில்லை.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் புது விதி: ஒரு மாடலை விற்று முடித்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருஷத்துக்கு ஆண்ட்ராய்டுத் திருத்தம் கிடைக்க வழி செய்ய வேண்டும். அதே கம்பெனி, அதே போன். ஜெர்மானியன் கையில் இருந்தால் அதற்கு நீண்ட ஆயுசு. நமக்கும் குழு இல்லாமல் இல்லை. நுகர்வோர் துறை 2024 செப்டம்பரில் ஒரு குழு போட்டது. 2025 மே மாதம் அறிக்கையும் வந்தது. பழுதுபார்க்க எவ்வளவு வசதி என்று போனுக்கு மதிப்பெண் போடப்போகிறார்களாம். எத்தனை படியாகக் கழற்றலாம், உதிரி பாகம் கிடைக்குமா, திருகாணி எந்த வகை, மென்பொருள் திருத்தம் வருமா என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வெளியே சொன்ன அளவுகோல்களில் பூட்லோடர் சாவி என்று ஒரு வரி இல்லை.

சேர்க்க வேண்டிய வரி சின்னதுதான். ஒரு மாடலுக்குக் கடைசித் திருத்தம் அனுப்புகிற நாளில், விண்ணப்பம், காத்திருப்பு, மின்இழை எரிப்பு எதுவும் இல்லாமல், அந்த மாடலின் சாவியை வாங்கினவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காத கம்பெனி அடுத்த மாடலை இந்த நாட்டில் விற்கக் கூடாது. கம்பெனி வக்கீல் எழுந்து, வாடிக்கையாளரின் பாதுகாப்பு என்று ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டும். இந்த மாடலுக்குக் கடைசியாகத் திருத்தம் அனுப்பிய தேதி என்ன என்று மட்டும் நீதிபதி அவரிடம் கேட்கட்டும்.