புகையிலையே, உன் விசுவாசம் பெரிது

கற்பிட்டி மணலில் தன்னைத்தானே காத்துக்கொள்ளத் தெரிந்த பயிர் நீ ஒருத்திதான். மிளகாய்க்கும் பீட்ரூட்டுக்கும் வேலி வேணும். கண்டதையும் மேயும் எங்கள் ஊர்க் கழுதைகூட உன்னை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

உன்னைக் கொண்டுவந்த போர்த்துக்கேயர் போனார்கள். 1667இல் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தரும் போனார்கள். நீ தங்கிவிட்டாய்.

தேயிலையும் கோப்பியும் கஃபைனைத் தளிரிலே வைத்துப் பூச்சியை விரட்டும். நீ அவற்றைவிடக் கெட்டிக்காரி. நிகோட்டினை வேரில் காய்ச்சி, மண்ணிலிருந்து ஏறும் நீரோடு இலைக்கு அனுப்புகிறாய். புழு கடித்தால் சேதி வேருக்குப் போகும், இன்னும் காய்ச்சுவாய். பூ வரும் நேரம் தலையைக் கிள்ளினாலும் அப்படித்தான், இலையில் காரம் ஏறும். பனி ஈரத்தோடு இலை ஒடிப்பவனின் தோல் வழியே உள்ளே போய், அன்றைக்கே தலைசுற்றி வாந்தியெடுக்க வைப்பாய். புழுவின் நரம்பை உலுக்கும் அதே சாவிக்கு மனித மூளையிலும் பூட்டு இருக்கிறது. அதை உன்னைப்போல் யார் திறந்தார்கள்!

உம்மம்மாவிடம் நீ வந்தபோது அவவுக்கு 12 வயது. 21 வயதாகாதவருக்கு உன்னை விற்கக்கூடாது என்ற சட்டம் 2006இல்தான் வந்தது. சுண்ணாம்பு தடவிய வெத்திலையில் பாக்குச் சீவல், அதன்மேல் நகமளவு நீ. சுண்ணாம்பு நிகோட்டினை அவிழ்த்துவிட, இடக்கன்னத்துச் சதை அதை உறிஞ்சும். "போயிலை இல்லாட்டித் தலை இடிக்குது மகன்" என்பா. அறுபது வருஷம் ஒரு நாளும் நீ அவவைக் கைவிடவில்லை.

அந்தக் கன்னத்தில்தான் முதலில் வெள்ளை படிந்தது, பிறகு புண். இலங்கை ஆண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுக்கே முதலிடம். பெண்களையும் நீ ஒதுக்கவில்லை. உலகம் முழுக்க ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கூட்டிப்போகிறாய். அமெரிக்காவில் உன்னையே தின்று வளரும் ஒரு பச்சைப் புழு உண்டு. அதுகூட நிகோட்டினில் பெரும்பங்கை உடம்பில் தங்கவிடாமல் கழித்துத் தள்ளிவிடும். உன்னை விடாமல் வைத்துக்கொள்ளும் பாசம் எங்களுக்குத்தான்.

கடைசியில் உம்மம்மாவின் வாய் ஒரு விரல் நுழையுமளவுக்கே திறந்தது. கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் சுற்றி நின்றோம். அவ சைகையால் கேட்டது உன்னை.

மௌத்தாகி ஒரு கிழமைக்குப் பிறகு வெத்திலைப் பெட்டியைத் திறந்தேன். வெத்திலை அழுகிக் கிடந்தது, பாக்கில் பூஞ்சணம். உன்னை மட்டும் எதுவும் தொட்டிருக்கவில்லை.