சுறாவோடு ஒரு சுற்று

ஆர்லாண்டோ சீவேர்ல்டு தீம் பார்க்குக்குத் தனியாகப் போகிறேன். ரோலர் கோஸ்டரில் பயம் வந்தால் யார் கையைப் பிடிப்பது?

பக்கத்து சீட்காரர் ஏற்கெனவே உங்கள் கையைப் பிடித்திருப்பார், கவலை வேண்டாம்! தவிர, பல தீம் பார்க்குகளில் ஒண்டியாக வருபவருக்கென்றே தனி வரிசை உண்டு. காலி சீட்டை நிரப்பக் கூப்பிடுவார்கள். குடும்பஸ்தர்கள் வெயிலில் நிற்க, நீங்கள் சீக்கிரமே அலறலாம்.

அங்கே ஒரு கோஸ்டருக்கு 'மாக்கோ' என்று பெயராமே?

சுறாக்களிலேயே வேகமானது மாக்கோ. 2016-ல் வந்த இந்தச் சவாரி 200 அடி உயரம், மணிக்கு 117 கிலோமீட்டர் வேகம். நிஜச் சுறா இலவசமாகவே துரத்தும்.

'மான்டா' கோஸ்டரில் குப்புறப் படுக்கவைத்துப் பறக்கவிடுகிறார்களாம்!

திருக்கை மாதிரி. இதையே நான் வீட்டில் செய்தால் சோம்பேறி என்கிறார்கள்.

அங்குள்ள ஓர்க்கா திமிங்கிலங்களுக்கும் ஜாலிதானே?

அவை டிக்கெட் வாங்கியா வந்தன? 2013-ல் அவற்றை அடைத்துவைப்பதைச் சாடி 'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படம் வந்தது, எதிர்ப்பு வலுத்தது. 2016-ல் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக சீவேர்ல்டு அறிவித்தது. நாம் நாலு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறோம். அவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.